கல்லெழுத்தின் காலமும் கணிப்பொறியின் காலமும்

திருக்கோயிற் கல்வெட்டுக்களையும், செப்பேடுகளையும், ஏட்டுச் சுவடிகளையும், பழைய அச்சு நூல்களின் முகப்பேடுகளையும் கணிப்பொறியிற் பதிந்து வைக்கும் முயற்சி இந்நாளிற் பல இடங்களில் நடைபெறுகின்றது. அது வேண்டற்பாலதொரு பணியே. மழையும் வெயிலுந் தேய்த்தன போக, திருப்பணி என்னும் பெயரால் மணல்வீச்சும் சுண்ணச்சாந்தும் அழித்த கல்லெழுத்துக்கள் பல. கல் அழிந்தவிடத்து எஞ்சுவது பதிவொன்றேயாகும். ஆகலின், அப்பதிவு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது சிறு செய்தியன்று. பதிவிற் பிழை புகுந்தால் அதனைப் பிழையென்று காட்டுதற்குப் பின்வருவோர்க்குக் கல் இராது.

இப்பணியில் ஈடுபட்டோருள் ஒரு சாரார் காலக் குறிப்பினைப் பதியுமிடத்துக் கொள்ளும் முறையொன்றை மறுத்தற்கே யாம் ஈண்டு எழுதப் புகுந்தாம். அவர் கூறுவது இது: கல்வெட்டோ நூலோ எவ்வகைக் காலக் குறிப்பைக் கொண்டிருப்பினும், அதனை ஆங்கில ஆண்டு, திங்கள், நாள் என்னும் ஒரே வடிவிற்கு மாற்றிவிடல் வேண்டும், மாற்றியபின் பழைய குறிப்பினால் ஆவதொன்றில்லை, பொறிக்கு ஒரு வடிவே விளங்கும், பல வடிவங் கலப்பின் குழப்பமே விளையும் என்பதாம். இதற்குத் துணையாக அவர் எடுத்துக்காட்டுவது 1988 இல் முதன்முதல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் பன்னாட்டு நியமத்தை. அந்நியமத்தொடு எமக்குப் பகையில்லை. கப்பற் சரக்கிற்கும், வங்கிக் கணக்கிற்கும், வானூர்திப் பயணத்திற்கும் அது மிக நன்று. ஆயின், கப்பற் சரக்கிற்கு அமைந்த கோலைக்கொண்டு இராசராசன் கல்லெழுத்தை அளக்கப் புகுவார் முதற்கண் அக்கோலின் இயல்பையாவது அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குதும். தஞ்சை இராசராசேச்சரத்தின் விமானத்துத் தூபியில் வைப்பதற்குச் செப்புக்குடம் அளித்த செய்தி அக்கோயிற் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் இரண்டாந் தொகுதியில் அதனைக் காணலாம். ஆண்டு அங்கே இராசராசதேவர்க்கு யாண்டு 25, நாள் 275 எனக் குறிக்கப்பட்டுள்ளது. அஃதாவது, அம்மன்னர் ஆட்சியேற்ற நாள்தொட்டு எண்ணிய இருபத்தைந்தாம் ஆண்டில் இருநூற்றெழுபத்தைந்தாம் நாள் என்பது பொருள். கல் தன்னளவில் ஒரு நாளும் பிசகாது கூறுகின்றது. அவர் ஆட்சியேற்ற நாளோ, கீல்ஹார்ன் என்னும் செருமானியப் பேராசிரியர் கணித்தபடி, கி.பி. 985 சூன் 25 க்கும் சூலை 25 க்கும் இடைப்பட்டது. ஆகவே, தூபிக்குடம் அளித்த நாள் கி.பி. 1010 மார்ச் 26 க்கும் ஏப்ரல் 25 க்கும் இடையே ஏதோ ஒரு நாள். கல் அறிந்த நாள் ஒன்று. நாம் அறிந்தது முப்பது நாட்கொண்ட ஓர் இடைவெளி. இதனை ஒரே ஆங்கில நாளாக எழுதிவைப்பவர் தாம் அறியாததை அறிந்ததாகக் கூறுகின்றார். அதற்கு அஞ்சி '1010' என்று ஆண்டினை மட்டும் எழுதுபவரோ கல் அறிந்ததையும் மறைத்துவிடுகின்றார். முன்னது மிகைபடக் கூறல். பின்னது குன்றக் கூறல். இரண்டுங் குற்றமே. 'யாண்டு 25, நாள் 275' என்று கல் சொன்னபடியே எழுதிவைப்பதில் வந்த இடர் யாது? (அக்கோயிலின் ஆயிரமாண்டு விழா 2010 செப்டம்பரிற் கொண்டாடப்பட்டது. விழாவிற்கு ஆண்டு அமையும், ஆராய்ச்சிக்கு அமையாது.)

இன்னுமொன்று. சோழர் கால ஆராய்ச்சியாளர் எழுதும் ஆங்கில நாட்களெல்லாம் சூலியன் நாட்காட்டியைப் பற்றியன. இப்போது வழங்கும் கிரிகோரியன் நாட்காட்டி 1582 இலேதான் உண்டாயிற்று. முற்கூறிய நியமமோ எந்நாளையும் கிரிகோரியனாகவே கொள்ளும். 1582 க்கு முற்பட்டவற்றைக் கொடுப்பாரும் கொள்வாரும் தம்முள் உடன்பட்டே வழங்கல் வேண்டுமென்று அந்நியமமே எச்சரிக்கின்றது. அவ்வெச்சரிக்கையைப் படித்தவர் சிலரே போலும். கி.பி. 1010 இல் இவ்விரு நாட்காட்டிகளுக்கும் வேறுபாடு ஆறு நாள். ஆராய்ச்சியாளர் சூலியனாக எழுதிய நாளை அவ்வாறே பொறியிலிட்டால், பொறி அதனைக் கிரிகோரியனாகக் கொண்டு உண்மை நாளுக்கு ஆறு நாள் முற்பட்டதொரு நாளைக் காட்டும். அவ்வழிப் புதன்கிழமை வியாழனாம்; சதயம் கேட்டையின் பாங்கர்ச் சென்று விழும். மன்னர் பிறந்த நாளாகிய சதயத்திற்கு விழவெடுக்கும் கோயிலின் பதிவில் இஃதொரு சிறு பிழையோ? கிழமையும் நாண்மீனும் ஒவ்வாமை கண்டு, கல்வெட்டே பிழைபட்டதென்று நாளைக்கு ஒருவர் எழுதவுங் கூடும்.

இனி, இம்முறையின் அடிப்படைக் குற்றத்தை நம் நூல்வழி நின்று காட்டுதும். சித்தாந்த நூல்கள் அளவைகள் பலவற்றையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கும். கல்வெட்டுக் கூறுங் காலம் அக்காலத்துச் சான்றோர் சொல். இறைவனூலாகிய ஆகமத்தொடு அதனை ஒப்ப வைத்தாமல்லேம். உலகியல் வழக்கில் அறிந்தான் ஒருவன் கூறிய சொல் என்னும் அளவிற்கே அதனை உரையென்றாம். அச்சொல்லை ஏதுவாகக் கொண்டு பின்னுள்ளோர் கணித்துப் பெற்ற ஆங்கில நாளோ கருதல். கருதலைக் கூறுவார் ஏதுவையும் உடன் கூறல் வேண்டும் என்பது தருக்கநூல் பயிலத் தொடங்கிய சிறுவனும் அறிந்தது. மலையிற் புகை கண்டு தீயுண்டென்று துணிந்தவன், புகையைப் பற்றிய செய்தியை அழித்துவிட்டுத் தீயென்னும் துணிபை மட்டும் ஏட்டில் எழுதிவைத்தால், அவன் கண்டது புகையோ பனியோ என்று பின்வருவோர் எங்ஙனம் ஆராய்வர்? உரையை நீக்கி அதன் இடத்திற் கருதலை வைத்து, அக்கருதலையே உரைபோலக் காட்டுவது அளவைகளை மயங்க வைத்தலாகும்.

இதனை வெறுஞ் சொல்வாதமென்று கருதற்க. சோழர் பாண்டியர் ஆட்சிக் காலங்கள் நமக்கு எவ்வாறு கிடைத்தன? ஒரு மன்னனுடைய கல்வெட்டுக்கள் பலவற்றிலுமுள்ள ஆட்சியாண்டு, திங்கள், பக்கம், திதி, கிழமை, நாண்மீன் என்பவற்றைத் திரட்டி, அவையெல்லாம் ஒருங்கு பொருந்துங் காலம் எதுவென வானநூற் கணக்கினால் தேடியே கீல்ஹார்ன் முதலியோர் அவற்றைத் துணிந்தனர். திவான் பகதூர் சாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள நாட்களுக்கு அமைத்த பெருங் கணிதநூல் 1922 இல் வெளிவந்தபின், முன்னையோர் துணிபுகளை அடுத்தடுத்து ஆராய்வது எளிதாயிற்று. முன்னவர் கணிப்பைப் பின்னவர் திருத்த இயன்றது எதனால்? கல்லின் சொல் அழியாதிருந்தமையால். கீல்ஹார்ன் தம் துணிபுகளை மட்டும் வைத்துவிட்டு மூலக் குறிப்புக்களைத் தீயிலிட்டிருப்பின், அவர் கூறியதைத் திருத்துவார் ஒருவரும் பின் தோன்றியிரார். இன்று பொறியிற் பதிவோர் செய்ய முற்படுவது அத்தீயிடுதலையே என்பதனை அவர்தாம் உணர்ந்திலர்.

பாண்டியர் கல்வெட்டுக்களில் ஓர் ஆண்டிற்கு 'எதிர்' மற்றோர் ஆண்டென இரண்டெண் வருதலை யாவரும் அறிவர். இரண்டனையுங் கூட்டி ஆட்சியாண்டாகக் கொள்ளுதல் ஆராய்ச்சியாளர் வழக்கம். ஏன் இரண்டாகப் பிரித்துக் கூறினர் என்பதிற் கருத்து வேறுபாடு உண்டு. '13 இன் எதிர் 5' என்பதனைப் பொறியில் '18' என்று பதிந்தவர் அவ்வாராய்ச்சியின் வாயிலையே அடைத்தவராவர்.

நம் சாத்திரநூல்களுக்கும் இஃது ஒக்கும். மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்றாகிய சங்கற்பநிராகரணத்தின் பாயிரத்தில் உமாபதிசிவனார் சகாத்தம் கூறியுள்ளார். ஏழையும் ஐந்தையும் பெருக்கி, அதனொடு இருநூறும் ஆயிரமுங் கூட்டிக் கொள்ளுமாறு அது செய்யுளில் அமைந்தது, 1235 ஆகும். சென்ற ஆண்டெனக் கொள்ளின் அது கி.பி. 1313 இல் தொடங்கும். நடப்பாண்டெனக் கொள்ளின் 1312 இல் தொடங்கும். முன்னதே பெரும்பான்மையோர் கொண்டது. 'சகம் 1235' என்று பதிந்து, 1313 என்பதை அதன்கீழ்க் காரணத்தொடு எழுதுவது முறை. '1313' என்று மட்டும் எழுதியிருக்குமிடத்து, உமாபதிசிவனார் கிறித்துவ ஆண்டிற் காலங் குறித்தாரோவென வருங்காலத்துப் பிள்ளைகள் வினவுவர்.

அறுபதாண்டு வட்டத்தின் நிலை இதனினுஞ் சிக்கலுடைத்து. முகப்பேட்டிற் 'பிரமாதி' என்று மட்டும் உள்ளதொரு நூல் கைக்கு வந்தால், அது 1819, 1879, 1939 என்பவற்றுள் எதுவும் ஆகலாம். தாளும் எழுத்தும் அச்சகப் பெயருங் கண்டு அறிஞர் ஒன்றைத் துணிவர், துணியவும் வேண்டும். ஆயினும் 'பிரமாதி' என்பது நூலின் சொல், 1879 என்பது அவர் துணிபு. இரண்டும் வெவ்வேறிடத்து எழுதப்படல் வேண்டும்.

'நீவிர் கூறுவது சரியே. ஆயின் பொறி அதற்கு இடங்கொடாதே' என்பர் சிலர். இது முற்றும் பொய். ஐ.எஸ்.ஓ. 8601 இன் இரண்டாம் பகுதி 2019 இல் வெளிவந்தது. அமெரிக்க நாட்டுக் காங்கிரசு நூலகத்தார் முன்னின்று ஆக்கிய விரிவுகளை அது தன்னகத்துக் கொண்டுள்ளது: ஐயமுடைய நாளுக்கு ஒரு குறி, ஏறத்தாழ என்பதற்கு ஒரு குறி, 'இவற்றுள் ஏதேனும் ஒன்று' என்பதற்குச் சதுர அடைப்பு என அவை பல. எம் பிரமாதிக்கு வேண்டுவது அவ்வடைப்பே. அருங்காட்சியகத்தாரின் பன்னாட்டுக் குழு ஆக்கி, 2006 இல் ஐ.எஸ்.ஓ. 21127 ஆகிய சிடாக் கருத்துருப் படிவமோ காலத்திற்கு இருவகை எல்லை வகுத்துள்ளது. இன்ன காலம் முழுதும் நிகழ்ந்தது உறுதி என்னும் உள்ளெல்லை ஒன்று, இன்ன காலத்திற்குப் புறத்தே நிகழ்ந்திலது என்னும் புறவெல்லை மற்றொன்று. தஞ்சைத் தூபிக்குடத்திற்கு வேண்டுவது இப்புறவெல்லை. ஒரு செய்தியை இன்னார் துணிந்தார் என்பதனைத் தனியே பதிதற்கும் அப்படிவத்தில் இடமுண்டு. கல்வெட்டுக்களை எழுத்துவடிவிற் பதிவோர் கையாளும் டி.இ.ஐ. விதிகளில், மூலத்தின் சொல்லை உள்ளே வைத்து, 'இதற்கு முற்பட்டதன்று', 'இதற்குப் பிற்பட்டதன்று', 'இன்ன நாட்காட்டி' என்பவற்றை அதன்மேற் குறித்தற்கு வழி வகுக்கப்பட்டுள்ளது. எழுத்து வகையிலும் குறையில்லை. நாளைக் குறிக்கும் ௳, திங்களைக் குறிக்கும் ௴, ஆண்டைக் குறிக்கும் ௵ என்னும் நம் பழங்குறிகள் 2003 இலேயே யூனிகோடு எழுத்துத் தொகுதியில் இடம்பெற்றன. முந்திரி, காணி முதலிய கீழ்வாய் எண்களின் குறிகளும் 2019 இற் சேர்ந்தன. பொறியில் இடமுண்டு, பதிவோர் உள்ளத்தில்தான் இடமில்லை. வரிசைப்படுத்துதற்கு ஆங்கில ஆண்டு வேண்டுமெனின், அதனைத் தனியே ஓரிடத்து வைத்துக்கொள்க. நூலகத்தார் புத்தகத்தின் முதுகில் ஒட்டும் எண் அப்புத்தகமாகிவிடாது.

இதுகாறுங் கூறியது பழங்காலக் குறிப்பு. இனி நிகழ்கால வழிபாட்டிற்கு வருவாம். நாவலர் பெருமான் சிவபதமடைந்தது பிரமாதி ஆண்டு கார்த்திகைத் திங்கள் மக நாளில். ஆங்கிலக் கணக்கில் 1879 டிசம்பர் 5. பொறியில் இரண்டாவது மட்டும் இருப்பின், ஆண்டுதோறும் டிசம்பர் 5 ஆம் நாளையே அது நினைவுநாளாகக் காட்டும். குருபூசையோ கார்த்திகை மகத்தன்று நிகழும். சித்திரைச் சதயம், வைகாசி மூலம், ஆடிச் சுவாதி, ஆனி மகம் என்னும் நால்வர் குருபூசை நாட்களும் அத்தன்மையனவே. இவற்றை ஆங்கில நாளாக ஒரு முறை மாற்றி நிலைப்படுத்த இயலாது. அவை நாட்களல்ல; நாட்களை ஆண்டுதோறும் பெறுதற்குரிய விதிகள். ஒரு திங்களுள் ஒரு நாண்மீன் இருமுறை வருதலும் உண்டு. அப்போது எதனைக் கொள்வதென்பதற்கு அவ்வத் திருக்கோயிலின் மரபு வேண்டும், அம்மரபும் பதிதற்குரியதே.

சிவராத்திரி இதற்கொரு தக்க சான்று. 2024 மார்ச் 8 ஆம் நாள் காலையிற் கதிரவன் எழும்போது திதி திரயோதசி. இரவு பத்து மணிக்குச் சிறிது முன்னரே சதுர்த்தசி புகுந்தது. மறுநாட் காலையிற் சதுர்த்தசி இருந்தது. 'நாளின் திதி சூரிய உதயத்தில் உள்ள திதியே' என்னும் ஒரே விதியைப் பொறிக்குக் கற்பித்தவர்க்கு அது மார்ச் 9 ஆம் நாளைச் சிவராத்திரியெனக் காட்டும். சைவவுலகம் விழித்திருந்து வழிபட்டது 8 ஆம் நாள் இரவிலேயாம். என்னை? சிவராத்திரிக்கு நள்ளிரவிற் சதுர்த்தசி இருத்தல் வேண்டும். பிரதோடத்திற்கோ மாலையிற் திரயோதசி இருத்தல் வேண்டும். அவ்வாண்டில் இரண்டும் ஒரே நாளில் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொரு நோன்பிற்கும் உரைகல் வேறு. அதன்மேலும், நான்கு யாமப் பூசையும் ஓரிரவினுள் நிகழ, நள்ளிரவில் நாள் மாற்றும் ஆங்கிலக் கணக்கு அவ்விரவை இரண்டாகத் துணித்துப் பிற்பாதியை வேறொரு நாளில் வைக்கின்றது. இலண்டனிலும் டொராண்டோவிலும் கோயில் கண்ட நம்மவர்க்கு உதயமும் நள்ளிரவும் வேறு. வாக்கியக் கணிதத்திற்கும் திருக்கணிதத்திற்கும் நாழிகை வேறு. எந்த ஊர், எந்தக் கணிதம், எந்த விதி என்னும் மூன்றும் இல்லாத நாள் பாதி நாளே.

இவ்விடத்து மற்றொரு சாரார்க்கும் விடை கூற வேண்டியுள்ளது. அவர் நம்மவர், பத்தியுடையார். 'காலம் இறைவனது ஆணை. தெய்வத் திருநாட்களைப் பொறியின் கையில் ஒப்புவித்தல் தகாது' என்பது அவர் கருத்து. அன்பு மிகுதியாற் கூறினாரேனும் சித்தாந்தத்தொடு இது பொருந்தாது. முப்பத்தாறு தத்துவங்களுட் காலம் ஒன்று. அது வித்தியா தத்துவம் ஏழனுட் பட்டது; மாயையின் காரியம்; சடம். சடப்பொருளைச் சடக்கருவி எண்ணுதலாற் பழுதென்னை? பஞ்சாங்கம் கணித்தலும் எண்ணுதலேயன்றோ? 1825 இற் சென்னையில் அச்சான காலசங்கலிதம் என்னும் ஆங்கில நூலில், புதுச்சேரியிலிருந்த நாட்காட்டிக் கணிதர் ஒருவரைப்பற்றி வாரன் என்பார் எழுதியுள்ளார். அக்கணிதர் நிலத்திற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக்கொண்டு, ஏடும் எழுதுகோலுமின்றிச் சந்திரகிரகணங் கணித்துக் காட்டினார். வானநூலின் காரணங்களை அவர் அறிந்திலர். வாய்பாடுகளை ஒன்றும் பிசகாது அறிந்திருந்தார். இன்றைப் பொறியின் இயல்பும் அதுவே. பொருளறியாது, கற்பித்த விதியைப் பிசகாது செய்யும். ஆகவே கற்பிப்போர் முறையாகக் கற்பித்தல் வேண்டும். நாம் விலகி நின்றால் விதியறியாதார் கற்பிப்பர்.

பொறியாளர்க்கும் இதன்வழி ஒன்று கூறுவாம். 1970 சனவரி முதல் நாள் தொடங்கி நொடிகளை எண்ணிச் செல்லும் ஒற்றைக் கோட்டினையே காலமென்று அவர் கொண்டுவிட்டனர். காலம் ஒன்று, நித்தியம், எங்கும் வியாபகம் என்னும் நையாயிகர் கொள்கைக்குள் அவர் அறியாமலே புகுந்தவராயினர். நித்தியமென்ற அக்கோடோ, முப்பத்திரண்டு துண்மி கொண்ட பழைய பொறிகளில் 2038 சனவரி 19 உடன் முடிந்துவிடுகின்றது. காலம் வேறு, காலத்தை அளக்கும் கோல் வேறு. கோல்கள் பல இருத்தலில் இழுக்கில்லை. எக்கோலால் அளந்தோம் என்று கூறாமையே இழுக்கு.

இறுதியாக மாணிக்கவாசகர் காலம். மறைமலையடிகள் அதனை மூன்றாம் நூற்றாண்டென்று நிறுவ முயன்றார்; ஒன்பதாம் நூற்றாண்டென்பார் பலர்; இடைப்பட்ட காலங் கூறுவாரும் உளர். எது சரியென்பது இக்கட்டுரையின் பொருளன்று. ஒருவர் ஒன்றைத் தெரிந்து பொறியில் ஓரெண்ணாக இட்டுவிட்டால், அதனைப் படியெடுக்கும் ஆயிரம் பொறிகளும் அவ்வெண்ணையே ஒப்பிக்கும். சிலவாண்டில், ஆயிரம் இடத்திற் காணப்படுதலே அதற்குச் சான்றென்று கூறப்படும். பொதுமக்கள் கூடித் தொகுக்கும் விக்கித்தரவு, 2012 இல் தொடங்கியது, ஒரு செய்திக்குப் பல துணிபுகளை அவ்வவற்றின் சான்றொடு பக்கத்தே வைக்க இடந்தருகின்றது. அதிலுங்கூட நாட்காட்டி கிரிகோரியன், சூலியன் என்னும் இரண்டே. அடிகள் துணிபை அடிகள் பெயராலும், பிறர் துணிபைப் பிறர் பெயராலும், ஒவ்வொன்றையும் அதற்குரிய ஏதுவொடு எழுதுதல் இயலும்.

இவ்வாறு எழுதின் ஒரு வரி பத்து வரியாகுமே என்று வருந்துவார் தஞ்சைக் கோயிற் சுவரை ஒருமுறை சென்று காண்பாராக. திருவிளக்கு ஒன்றிற்கு ஆடு தொண்ணூற்றாறு, நாடோறும் நெய் ஓருழக்கு, அவ்வாடுகளைப் பெற்ற இடையர் இன்னின்னார் என்று விளக்குதோறும் உளிகொண்டு வெட்டியுள்ளனர். நம் மடங்களும் சபைகளும் தம் ஏடுகளையும் அச்சுநூல்களையும் பதிதற்குக் கொடுக்குமுன், மூலத்தின் காலச்சொல்லை உள்ளபடியே வைப்பதாகப் பதிவோரிடம் எழுத்தில் உறுதி பெறுக. தாராதார்க்கு ஏடு கொடாதொழிக.